கண்ணைக் கொடுத்துவிட்டால் கண்ணில்லாமல் எழுந்திருப்போமா?

உங்கள் கேள்வியில் கடைசியாக இருந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரமானது. பக்கத்து வீட்டு அம்மா இறந்தபோது மகன் கண்தானத்துக்குச் சம்மதித்தும், "கடைசி நாளில் கண்ணில்லாமலா எழும்புவாங்க?" என்று (உலக முடிவில் செத்தவர்கள் எழும் நாளைச் சொல்கிறார்) உறவினர் ஒருவர் தடுத்துவிட்டார், இது உங்கள் கிறிஸ்தவ மதம் சொல்வதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த உறவினர் வீம்புக்குச் சொல்லியிருக்க மாட்டார், பாவம், நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய கவலை ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்பே வந்து, அப்போதே பதிலும் சொல்லியாகிவிட்ட கவலை. அந்தப் பதிலைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பெரிய கேள்வி வேறு. வீட்டில் ஜெபம் பண்ணும்போது ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) "அம்மாவின் ஆத்துமா ஆண்டவரிடம் போய்விட்டது" என்றார், கல்லறையில் குழிக்குப் பக்கத்தில் நின்று "இந்தச் சரீரம் உயிர்த்தெழும்" என்றார், மேலே போய்விட்டவருக்குக் கீழே கிடக்கும் உடம்பு எதற்கு? நியாயமான கேள்வி. எங்கள் சபையில் சில வருடம் திடப்படுத்தல் வகுப்பு (பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்குமுன் நடத்தும் பாடம்) எடுத்திருக்கிறேன், பதினான்கு வயதுப் பிள்ளைகள் யாராவது ஒருவர் வருடா வருடம் இதைக் கேட்டுவிடுவார்கள். பெரியவர்கள்தான் கேட்பதில்லை. வாரா வாரம் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

அந்த வரியைக் கவனியுங்கள், "ஆத்துமா அழியாது என்று நம்புகிறேன்" என்று அதில் இல்லை. லத்தீன் மூலத்தில் இருப்பது இன்னும் பச்சையான சொல், "கார்னிஸ்", அதாவது மாம்சம், சதை. சதையின் உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்றுதான் பழைய சபை ஞானஸ்நானம் பெற வந்தவர்களைச் சொல்லவைத்தது. காரணம் இல்லாமல் இல்லை, உடம்பு கேவலமானது, ஆவி மட்டுமே தப்பிக்க வேண்டியது என்று போதித்த ஞானவாதக் குழுக்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தன.

நமக்கு இது ஒட்டாமல் நிற்பதற்கு நம் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்கிறார் வள்ளுவர். முட்டை ஓடு கிடக்க, பறவை பறந்துபோவது மாதிரிதான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவு. படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் சாவு என்றால் இந்தப் படம்தான் மனதில் வரும், கிறிஸ்தவர்களுக்கும் இதுதான் வருகிறது. பறவை பரலோகம் போய்விட்டது, ஓட்டைப் புதைத்துவிட்டோம். ஆனால் பைபிள் சொல்வது இந்தப் படத்தை இல்லை. மனிதன் என்றால் உடம்பும் உயிரும் சேர்ந்துதான் மனிதன், சாவு என்பது இரண்டையும் பிய்த்துப்போடுகிற ஒரு கேடு, அந்தக் கேட்டைக் கடவுள் ஒருநாள் சரிசெய்வார், இதுதான் அடிப்படை. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்கிற இறையியலாளர், பைபிளில் உள்ள கொரிந்தியர் நிருபத்துக்கு எழுதிய விளக்கத்தில், "என் ஆத்துமா நான் இல்லை" என்றே எழுதிவிட்டார். ஆத்துமா மட்டும் காப்பாற்றப்பட்டால் நான் காப்பாற்றப்படவில்லை என்பது அவர் வாதம். எங்கள் ஊரில் துக்க வீட்டில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

இந்த நம்பிக்கை இயேசுவோடு ஆரம்பித்ததும் இல்லை. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் செத்தவர்கள் எல்லோரும், நல்லவர் கெட்டவர் பேதமில்லாமல், பாதாளம் என்கிற ஒரு மங்கலான இடத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான், மேலே பேச்சில்லை. தானியேல் புத்தகத்தில்தான் "பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள்" விழித்தெழுவார்கள் என்று தெளிவாக வருகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோகஸ் என்கிற கிரேக்க அரசன் யூதர்களைச் சித்திரவதை செய்த காலத்தில் இந்த நம்பிக்கை கெட்டிப்பட்டது. மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் (கத்தோலிக்க பைபிளில் இருக்கும், எங்கள் புரொட்டஸ்டண்ட் பைபிளில் இருக்காது) தாயின் கண்ணெதிரே ஏழு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். மூன்றாவது மகன் நாக்கை நீட்டு என்றதும் நீட்டுகிறான், கைகளையும் நீட்டுகிறான், இவற்றைக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். அவன் கேட்பது இந்த நாக்கும் இந்தக் கையும். கடவுளுக்காகச் செத்தவனுக்குக் கடவுள் கடன்பட்டிருக்கிறார் என்கிற நியாய உணர்ச்சியிலிருந்துதான் உயிர்த்தெழுதல் பிறந்தது என்பது என் எண்ணம். சாவுக்குப் பிறகு என்ன என்கிற ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததாகத் தோன்றவில்லை.

எல்லா யூதர்களும் ஏற்கவும் இல்லை. ஆலயத்தை நிர்வாகம் செய்த பணக்கார சதுசேயர்கள் இதைக் கிண்டல் அடித்தார்கள். அண்ணன் செத்தால் தம்பி அண்ணியைக் கட்ட வேண்டும் என்கிற சட்டப்படி ஒரு பெண் வரிசையாக ஏழு சகோதரர்களுக்கு வாழ்க்கைப்பட்டாளே, உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி என்று இயேசுவை மடக்கப் பார்த்தார்கள். அங்கே கொள்வினை கொடுப்பினை கிடையாது என்று சொல்லிவிட்டார் அவர். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுலுக்கும் இதே கதிதான். தத்துவம் தெரிந்த கூட்டம், ஒரே கடவுள், சிருஷ்டிப்பு என்று பேசுகிறவரை கேட்டுக்கொண்டிருந்தது, மரித்தவர் எழுந்தார் என்றதும் சிலர் சிரித்துவிட்டார்கள். ஆத்துமா அழியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், பிளேட்டோ நானூறு வருடம் முன்பே சொன்னதுதானே.

சரி, அந்த எழுந்த உடம்பு எப்படிப்பட்டது? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லாசரு, யவீருவின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன், இவர்களை இயேசு எழுப்பினார், அவர்கள் எல்லோரும் பிறகு வயதாகி மறுபடி செத்துத்தான் போயிருப்பார்கள். அது உயிர் திரும்புவது. உயிர்த்தெழுதல் என்று சபை சொல்வது இனிச் சாவே இல்லாத நிலைக்கு உடம்பு மாறுவது, அது இதுவரை இயேசு ஒருவருக்குத்தான் நடந்திருக்கிறது என்பது நம்பிக்கை. (இயேசுவின் தாய் மரியாள் உடலோடு விண்ணேற்றம் அடைந்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள், 1950-இல் அதைக் கோட்பாடாகவே அறிவித்தார்கள், அதை இங்கே கிளறவில்லை.) அந்த ஒருவரைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்வது விசித்திரமாக இருக்கும். பூட்டின அறைக்குள் வந்து நிற்கிறார், ஆனால் பயந்துபோனவர்களிடம் தொட்டுப்பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாதே என்கிறார், சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டு மீன் துண்டை வாங்கி அவர்கள் முன்னாலேயே சாப்பிடுகிறார். கூடவே நடந்து வந்த இரண்டு பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அப்பத்தைப் பிட்டதும் தெரிகிறது. மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்துவிடுகிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புகிறாள். அதே ஆள்தான், ஆனால் அப்படியே பழைய ஆள் இல்லை. கதை கட்டுகிறவர்கள் ஒளிவீசும் உருவமாகக் கட்டியிருப்பார்கள், இப்படி மீன் சாப்பிடவும் தோட்டக்காரராகத் தெரியவும் விட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். இது நிரூபணம் ஆகாது, என் மனதுக்குப் படுகிறது, அவ்வளவுதான்.

பவுல் இதை விளக்க எடுத்துக்கொண்டது விதையை. கி.பி. 55 வாக்கில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம், 15-ஆம் அதிகாரம். எப்படிப்பட்ட சரீரத்தோடு வருவார்கள் என்று கேட்கிறவனை "புத்தியீனனே" என்று திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். நீ விதைப்பது வெறும் விதை, முளைப்பது வேறு. புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், வழவழ என்று கறுப்பாக இருக்கும், சாலையோரம் நிற்கிற புளியமரத்தின் சாயல் அதில் எங்கேயாவது இருக்கிறதா? ஆனால் அந்தக் கொட்டையிலிருந்து அந்த மரம்தான் வரும், வேப்பமரம் வராது. தொடர்ச்சியும் உண்டு, மாற்றமும் உண்டு. "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்கிறார். இந்த "ஆவிக்குரிய சரீரம்" என்பதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, உடம்பே இல்லை, ஆவிதான் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். டீசல் ஆட்டோ என்றால் டீசலால் செய்த ஆட்டோவா? எது ஓட்டுகிறது என்பதைச் சொல்கிற சொல் அது, எதனால் ஆனது என்பதை இல்லை. கடவுளின் ஆவி இயக்குகிற உடம்பு, அவ்வளவுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

இப்போது கண் விஷயம். கி.பி. 177-இல் இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கும்பலாகக் கொன்றார்கள். அங்கே தப்பியவர்கள் எழுதின கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எடுத்துவைத்திருக்கிறார். கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் வாரிக் கொட்டினார்கள். ஏன் என்றால், இவர்கள் உயிர்த்தெழுவோம் என்கிற நம்பிக்கையில்தானே சாவைத் துச்சமாக நினைக்கிறார்கள், இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்று. உங்கள் பக்கத்து வீட்டு உறவினருக்கும் அந்த ரோமானியர்களுக்கும் ஒரே லாஜிக், வித்தியாசம் என்னவென்றால் இவர் பயந்து சொன்னார், அவர்கள் வன்மத்தில் சொன்னார்கள். அப்படி எரிக்கப்பட்டு ஆற்றில் கரைக்கப்பட்டவர்களைத்தான் சபை முதல் வரிசை இரத்தசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள்) என்று வைத்திருக்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைத்தவருக்கு சாம்பலைச் சேர்ப்பதா கஷ்டம் என்பதுதான் பழைய சபையின் பதில்.

பிறகு வந்தவர்கள் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதும் உண்மை, எனக்கு அந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ஒருவனை மீன் தின்று, அந்த மீனை இன்னொருவன் தின்றால்? நரமாமிசம் தின்றவனும் தின்னப்பட்டவனும் எழும்போது அந்தச் சதை யாருக்கு? அகஸ்டின் என்கிற ஆயர் 5-ஆம் நூற்றாண்டில் இதற்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து பதில் எழுதினார்: முதலில் யாருடைய சதையாக இருந்ததோ அவருக்கே போகும், தின்றவன் கடன் வாங்கினவன், கடனைத் திருப்பித்தர வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க வெட்டின நகமும் முடியும் திரும்பி வந்தால் அசிங்கமாக இருக்காதா என்றால், மண் பாத்திரத்தை உடைத்துக் குழைத்து மறுபடி வனைகிறபோது கைப்பிடி இருந்த மண் கைப்பிடிக்கேதான் வர வேண்டும் என்று இல்லை என்கிறார். குழந்தையாகச் செத்தவரும் கிழவராகச் செத்தவரும் ஏறக்குறைய முப்பது வயது வாலிபத்தில் இருப்பார்கள் என்று ஓர் ஊகம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பது சற்று அதிகம்தான், ஆனால் ஆள் உடம்பை எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். அவருக்கு முன்பே, 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்கிற போதகர், உடம்பு ஆறு மாதிரி, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் வடிவம்தான் நிலைக்கும், ஆகவே அணுவைத் தேடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவருடைய போதனைகள் பிறகு சிக்கலில் மாட்டிக்கொண்டன, என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கு நம் காதுக்கு அவர் பேச்சுதான் ஏறுகிறது, நம் உடம்பிலேயே பத்து வருடத்துக்கு முன்பு இருந்த பொருளில் பெரும்பகுதி இப்போது இல்லையே.

எரிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புதைப்பது பழக்கம், கால் கிழக்கே இருக்கும்படி வைப்பதும் எழும்போது கிழக்குப் பார்த்து எழட்டும் என்கிற பழக்கம்தான், இதெல்லாம் நம்பிக்கையின் அடையாளம், நிபந்தனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சில சபை விரோதிகள் உயிர்த்தெழுதலை மறுப்பதற்கென்றே தகனத்தை ஒரு கொடி மாதிரி பிடித்ததால் ரோம், அதாவது கத்தோலிக்கத் தலைமை, 1886-இல் அதைத் தடைசெய்தது, 1963-இல் தடையை எடுத்துவிட்டது. 2016-இல் சாம்பலை வீட்டில் வைக்காதீர்கள், காற்றில் தூவாதீர்கள், புனிதமான இடத்தில் வையுங்கள் என்று ஒரு அறிவுரை வந்தது. புரொட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் தடையே இல்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மட்டும் பொதுவாக இன்னும் எரிப்பதை ஏற்பதில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே அலைந்தவர்களுக்குத் தெரியும், தாத்தா குழியைத் திறந்து அதிலேயே பாட்டியை வைக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்தால் தகனம் இன்னும் அதிகமாகும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், அந்த நடுவிலே இருக்கிற காலம். இன்றைக்குச் செத்தவருக்கும் கடைசி நாளுக்கும் இடையில் என்ன? உண்மையில் உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் சபைகளுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கினவனிடம் இயேசு, இன்றைக்கு என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார், ஆகவே ஆத்துமா உடனே அவரிடம் போகிறது என்பது பெரும்பான்மை. இல்லை, "இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன்" என்று பிரித்துப் படிக்க வேண்டும், பழைய கிரேக்கச் சுவடிகளில் காற்புள்ளி ஏது என்பார்கள் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர், அவர்களுக்குச் செத்தவர் ஒன்றும் அறியாத உறக்கத்தில் இருக்கிறார். புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் அடிக்கடி உறக்கம் என்றே பேசினார், இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் அதை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். கத்தோலிக்கர்களுக்கு நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் (ஆத்துமா சுத்திகரிக்கப்படும் இடம்) உண்டு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பது அதற்காகத்தான்.

ஒரு போப்பே இதில் மாட்டிக்கொண்டார் தெரியுமா? அப்போது போப்புகள் தங்கியிருந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்தில் இருந்த இருபத்திரண்டாம் யோவான், 1331 சகல புனிதர் திருநாளில், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள்கூடக் கடைசி நாளில் உடம்பு கிடைக்கும்வரை கடவுளை நேருக்கு நேர் முழுமையாகப் பார்க்க முடியாது என்று பிரசங்கம் செய்துவிட்டார். பாரிஸ் இறையியலாளர்கள் கொதித்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு வயதில், 1334 டிசம்பரில், மரணப் படுக்கையில் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கி மறுநாள் செத்துப்போனார். அடுத்த போப் 1336-இல், இல்லை, இப்போதே பார்க்கிறார்கள் என்று ஆணை போட்டு முடித்தார். தீர்ப்பில் தோற்றாலும் அந்தக் கிழவர் பிடித்த நுனி சரியானது என்று எனக்குப் படும்: ஆத்துமாவுக்கு இப்போதே எல்லாம் கிடைத்துவிட்டால் கடைசி நாள் எதற்கு?

நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற பதில் இதுதான். பரலோகம் போவது பிரயாணத்தின் முடிவு இல்லை, இடையில் இறங்கித் தங்குகிற நல்ல வீடு. ஐயர் வீட்டில் சொன்னது அந்தத் தங்கலைப் பற்றி, குழிக்குப் பக்கத்தில் சொன்னது ஊர் போய்ச் சேர்வதைப் பற்றி. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் கடைசியில் மனிதர்கள் மேலே பறந்து போவதில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது, கடவுள் குடிவருகிறார், புதிய வானம் புதிய பூமி. பவுல் ரோமருக்கு எழுதும்போது சிருஷ்டி முழுவதுமே பிரசவ வேதனையில் இருக்கிறது என்கிறார், ஆறு, மலை எல்லாம் சேர்த்து. நம் பாட்டுகளில் "பூமி என் வீடல்ல" என்கிற ராகமே ஓங்கி ஒலிப்பதால் இது காதில் விழுவதில்லை. ஆனால் பழைய சொல் போஸ்டரில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பாருங்கள், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதான் போடுகிறோம். கல்லறைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற செமட்டரி என்ற சொல்லும் தூங்குமிடம் என்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். தூங்கினவர் எழுந்திருப்பார் என்று நினைத்து வைத்த பேர்.

இதை நம்பச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை, நீங்கள் கேட்டது என்ன நம்புகிறோம் என்று. சந்தேகப்பட்டவருக்கும் இதில் இடம் இருக்கிறது, இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமா சென்னைக்கு வந்து செத்தார் என்பதுதான் மரபு, சாந்தோம் கோவில் அவர் கல்லறை மேல்தான் நிற்கிறது என்பார்கள். அவர் பார்க்கக் கேட்டது தழும்பை. உயிர்த்தெழுந்த உடம்பில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, அதை ஊனமாக யாரும் நினைக்கவில்லை. இரத்தசாட்சிகளின் வெட்டுக் காயங்களும் அப்படி இருக்கலாம், அது அழகாகவே இருக்கும் என்று அகஸ்டினும் எழுதினார். அடுத்தவருக்குப் பார்வை கொடுத்துவிட்டுப் போன கண்ணைப் பற்றி அந்த உறவினருக்கு இன்னும் கவலை இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கண்தானத்தில் பெரும்பாலும் கருவிழியைத்தான் எடுக்கிறார்கள், முகம் விகாரமாகாது, பெட்டியைத் திறந்துவைத்து வழக்கம்போல் அடக்க ஆராதனை நடத்தலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஆகவே ஐயருக்குச் சொல்லிவிடும்போதே கண்வங்கிக்கும் போன் போட்டுவிட வேண்டும். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணை கொடுத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.